ஒரு பங்கு கூடுதல்

பன்னிரண்டு பலாச்சுளையை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று வரும் என்று வேங்கைக்காட்டுப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு சொன்னது. ஒரு பிள்ளை சொல்லியிருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். பதினேழு பேரில் பதினோரு பேர் சொன்னார்கள், அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காமல்.

முப்பது வருடமாகக் கணக்கோடு மாரடிக்கிறவள் நான். தப்பாகச் சொல்லும் பிள்ளையின் முகம் எனக்கு அத்துப்படி. கூரையைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும், பிறகு என் முகத்தைப் பார்த்து விடையை மாற்றும். இந்தப் பதினோரு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை. தெரிந்ததைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

என் பெயர் இந்திராணி. ஜவ்வாது மலையில் நாற்பத்திரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு நான் ஆசிரியப் பயிற்றுநர். மனப்பலகையை இந்த மலைக்குக் கொண்டுவந்ததும் நான்தான். வேண்டாம் என்ற அதிகாரிகளோடு சண்டை போட்டு, ஆசிரியர்களின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் கொண்டுவந்தேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்காக நான் சின்ன வயதில் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கத்திய எனக்கு அந்த ஐம்பத்தாறு எங்கிருந்து வருகிறது என்று இருபது வயதுவரை தெரியாது. என் பிள்ளைகளுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று நினைத்தேன்.

மனப்பலகையில் வாய்ப்பாடு கிடையாது, சூத்திரம் கிடையாது. பிள்ளை தலையில் ஒரு மெல்லிய பட்டையை மாட்டிக்கொள்ளும். கணக்கைக் கதையாகச் சொல்வோம். கேட்டதும் பிள்ளையின் மனதில் ஒரு படம் எழுமல்லவா, அது அப்படியே கோடுகளாகக் கையிலிருக்கும் பலகையில் வந்துவிடும். எங்கே சிக்கல் என்று பிள்ளையும் ஆசிரியரும் சேர்ந்து பார்ப்பார்கள். பிள்ளை விரலால் நகர்த்தி, சேர்த்து, பிரித்து வழி கண்டுபிடிக்கும். எண் கடைசியில்தான் வரும். திருத்திய படத்தைப் பட்டை பிள்ளையின் மனதில் பதித்துவிடும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் பழைய தப்பான படம் மனதில் இருக்காது. இதை நான் எத்தனையோ கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அந்த வகுப்பில் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. நான் அதில் உட்காரப் போனேன்.

"அங்க குந்தாதீங்க டீச்சர்" என்றாள் பூங்காவனம் என்ற சிறுமி. மரியாதையாகத்தான் சொன்னாள். மற்றவர்கள் நகர்ந்து எனக்கு வேறு பக்கம் இடம் விட்டார்கள்.

வகுப்பாசிரியை நஸ்ரின் வாணியம்பாடிப் பெண். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எதற்கும் எளிதில் பயப்படாதவள். அவள் என் காதருகே வந்து, ஒரு மாதமாக இப்படித்தான் என்றாள். கதவைச் சாத்தினால் பிள்ளைகளில் யாராவது எழுந்துபோய்த் திறந்துவிடுகிறார்களாம். குளிர் அடித்தாலும் விடுவதில்லையாம். மத்தியானச் சாப்பாட்டில் முட்டை போட்டால் பதினோரு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பிட்டு ஓர் இலையில் வைக்கிறார்களாம். மணி அடித்ததும் அதை எடுத்துக் காக்காய்க்குப் போட்டுவிட்டுக் கை கழுவுகிறார்களாம். வீட்டிலும் ஒரு தட்டு கூடுதலாகப் போடுவதாகப் பூங்காவனத்தின் அம்மா வந்து அழுதுவிட்டுப் போனாளாம், பிள்ளைக்குத் தாயத்தும் கட்டிவிட்டாளாம்.

பதினோரு பலகைகளையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே படம்தான். மணல். மணலில் மூன்று குவியலுக்குப் பதிலாக நான்கு குவியல். கொஞ்சம் தள்ளி, சொட்டச் சொட்ட நனைந்தபடி ஓர் உருவம் நின்றுகொண்டிருந்தது. இந்தப் பிள்ளைகள் யாரும் கடற்கரையைப் பார்த்ததில்லை. மலையை விட்டு ஆலங்காயம் சந்தைக்குப் போனதே பலருக்குப் பெரிய பயணம். தள்ளி நின்ற அந்த உருவத்தை விட்டுவிட்டுக் குவியல்களை மறுபடி எண்ணினேன்.

பூங்காவனத்தின் பலகையில் நான்காவது குவியலைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்டேன். அவருக்கு என்று அந்த உருவத்தைக் காட்டினாள்.

"அவரு யாரு?"

"வருவாரு டீச்சர்."

"வரலன்னா?"

"வரலன்னாலும் வெக்கணும்" என்றாள். இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

பத்து சுளையை இரண்டு பேருக்குக் கொடுக்கச் சொன்னேன். மும்மூன்றாக மூன்று குவியல் வைத்தாள். மிஞ்சிய ஒன்றை எடுத்து அந்த மூன்றாவது குவியலில் சேர்த்தாள். அதையும் அவருக்கே கொடுத்துவிட்டாள்.

பலகைகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்து சென்னைத் திட்ட அலுவலகத்துக்குப் பேசினேன். அங்கே நவநீதன் என்று ஒரு பொறியாளர். மகன் வயசுதான் இருக்கும், ஆனால் பலகையின் உள்விவரம் முழுக்க அவனுக்குத் தெரியும். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "உங்ககிட்டயும் வந்துருச்சா மேடம்" என்றான்.

"என்ன வந்துருச்சா?"

"அது இரவல் படம். ஒரு பிள்ளை கணக்குல மாட்டிக்கிட்டா, அதே மாதிரி மாட்டிக்கிட்டு வெளிய வந்த வேற பிள்ளையோட படத்தைப் பட்டை லேசா மனசுல காட்டும். தானா ஞாபகம் வந்த மாதிரி இருக்கும். வகுத்தலுக்கு இதுவரைக்கும் இவ்வளவு நல்லா ஓடுன படமே கிடையாது. பதினாலாயிரம் பிள்ளைங்ககிட்ட போயிருக்கு."

"விடை தப்பா வருதேப்பா."

"பலகை விடையைப் பாக்கறதில்ல மேடம். தயக்கம் போச்சான்னுதான் பாக்குது. இந்தப் படம் கிடைச்ச பிள்ளைங்க ஒண்ணுகூடத் தயங்கல."

என் பள்ளியில் மட்டும் பதினோரு பேருக்குப் போய் ஆறு பேருக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். மனம் ஒத்துப்போகிற பிள்ளைக்குத்தான் போகும், எது ஒத்துப்போகிறது என்று தங்களுக்கே தெரியாது, பலகை தானாகக் கண்டுபிடிக்கிறது என்றான். சரி, அழித்துத் தொலை என்றேன். அது அவன் கையில் இல்லையாம். படத்தைப் பிரதி எடுத்து அனுப்புவதில்லை. கேபிள் டிவி மாதிரி, ஒரே இடத்திலிருந்து தினமும் காலையில் எல்லாருக்கும் போகிறது. அந்த இடம் ஒரு பிள்ளையின் மனது. அந்தப் பிள்ளை தன் கையால் படத்தைத் திருத்தினால் பதினாலாயிரம் மனதிலும் மாறிவிடும்.

"எந்தப் பிள்ளை?"

"சாருமதி. நாலாம் வகுப்பு. நாகப்பட்டினம் பக்கம் புன்னைத்துறைன்னு ஒரு மீனவ ஊர். யாராவது போய்ப் பக்கத்துல உக்காந்து திருத்த வைக்கணும் மேடம். பத்து நாள்ல அடைவுத் தேர்வு வருது. பதினாலாயிரம் பேர் வகுத்தல்ல தப்பு விட்டா பலகையைத் தூக்கிருவாங்க. மறுபடி வாய்ப்பாடுதான்."

நானே போகிறேன் என்று சொன்னேன். ஆறு வருட உழைப்பு. அதோடு, அந்த முட்டைத் துண்டு என் மனதை விட்டுப் போகவில்லை. வாரத்துக்கு எத்தனை முட்டை கிடைக்கிறது இந்தப் பிள்ளைகளுக்கு? அதிலும் பங்கு கேட்க எவனோ ஒருவன் ஈரத்துணியோடு வந்து நிற்கிறான் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

புன்னைத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். பள்ளி திறக்க நேரமிருந்ததால் கரைக்குப் போனேன். ஒரு பைபர் படகு வந்து நின்றிருந்தது. ஏலத்துக்குப் போகும் மீனைக் கூடையில் ஒதுக்கிவிட்டு, வீட்டுக் குழம்புக்கான கறிமீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படகில் போனவர்கள் நாலு பேர். படகுக்கு ஒரு பங்கு. மணலில் ஐந்து குவியல் இருக்க வேண்டும், ஆறு இருந்தது. கடலையே பார்க்காத பிள்ளைகளின் பலகையில் நான் பார்த்த அதே மணல், அதே குவியல். நனைந்த உருவம் எங்கேயாவது நிற்கிறதா என்று என்னை அறியாமல் சுற்றிப் பார்த்தேன்.

படகில் மூத்தவர் தருமலிங்கம் என்பவர். ஆறாவது குவியலில் கை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றிருந்த ஒரு பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "வச்சிரலாமாம்மா?" என்று கேட்டார். "வைங்க மாமா" என்றாள் அவள். சங்கரா மீன் நாலும் கொஞ்சம் காரப்பொடியும் இருந்த அந்தப் பங்கைச் சட்டியில் வாங்கிக்கொண்டாள். அவள்தான் சாருமதியின் அம்மா தையல்நாயகி.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் வீட்டுக்குக் கூட்டிப் போய்க் காப்பி கொடுத்தாள். நான் கேட்காமலே எல்லாம் சொன்னாள். புருஷன் கலியபெருமாள் கடலுக்குப் போய் மூன்று வருடம். படகு கவிழ்ந்து மற்றவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள், அவரை மட்டும் காணோம். உடம்பு கரை ஒதுங்கவில்லை. இந்த ஊரில் அப்படி ஆனால் படகுக்காரர்கள் அவருடைய கறிமீன் பங்கை வைத்துக்கொண்டே இருப்பார்கள். தினமும் கேட்பார்கள். போதும் என்று வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வரும்வரை வைப்பார்கள். அந்த வார்த்தை கரையில், படகுக்காரர் முன்னால் வர வேண்டும். வந்துவிட்டால் அன்றோடு ஆள் இல்லை. தாலி கழற்ற வேண்டியதுதான்.

சிலர் ஒரு மாதத்தில் சொல்லிவிடுவார்களாம். அவள் சொல்லவில்லை.

"எல்லாரும் சொல்லச் சொல்லிட்டாங்க டீச்சர். எங்க அம்மாவே சொல்லிருச்சு. படகுல இருக்கறவங்க மட்டும் ஒரு நாளும் மூஞ்சி சுளிச்சதில்ல" என்றாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள். "தெரியாமலா இருக்கேன். ஆனா அந்த வார்த்தை என் வாயிலேருந்து வரணும்ல. வர்றப்ப வரட்டும்."

வந்த காரியத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம் என்று மட்டும் சொன்னேன். நீங்க சொன்னா சரிதான் டீச்சர் என்று காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டாள். இதைத்தான் நான் இன்றைக்கும் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன்.

சாருமதி எட்டு வயதுக்குச் சின்ன உருவம். நெற்றியில் பட்டை நழுவி நழுவி விழுந்தது. பன்னிரண்டு மீன், மூன்று பேர் என்றேன். பலகையில் மணல் வந்தது, நான்கு குவியல் வந்தது. பிறகு கடல் வந்தது. மற்ற பிள்ளைகளின் பலகையில் கடல் இருந்ததில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஓர் ஆள் கரையைப் பார்த்து நின்றான். அவனுக்கு முகம் இல்லை. கோடு அந்த இடத்தில் மட்டும் வரையாமல் விட்டிருந்தது.

"முகத்தைக் காணோமே?"

"அப்பா போனப்ப எனக்கு அஞ்சு வயசு டீச்சர். அப்பா தண்ணியில நின்னு கையக் காட்டுனது மட்டும் ஞாபகம் இருக்கு."

நாலாவது குவியலைக் கலைத்து மற்ற மூன்றில் சேர்க்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள். ஏன் என்றேன். "எடுத்தா அப்பா வர முடியாது" என்றாள். இரண்டு முறை, மூன்று முறை கேட்டேன். குவியலின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். அதட்டி எடுக்க வைத்தால் படம் மாறாது. பிள்ளை தானே கண்டுபிடித்த வழிதான் மனதில் நிற்கும். அதைத்தானே முப்பது வருடமாக ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

பிள்ளை ஒரு கணக்கில் அசைய மறுத்தால் கேள்வியை மாற்ற வேண்டும். இது எங்கள் தொழிலின் பாலபாடம். நான் கேள்வியை மாற்றினேன்.

"சரி, எடுக்க வேணாம். நீ இப்ப டீச்சர். வருகைப் பதிவு எடு. பேரைக் கூப்பிடு. உள்ளேன்னு சொல்றவங்க வந்து அவங்க குவியலை எடுத்துக்கட்டும்."

அவளுக்கு இது பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். தருமலிங்கம் என்று கூப்பிட்டாள், பலகையில் ஓர் ஆள் வந்து நின்றார். இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். எல்லாரும் வந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். பிறகு கலியபெருமாள் என்றாள். தண்ணீரில் நின்ற உருவம் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு அப்பா என்று கூப்பிட்டாள். பலகையில் கடல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளிகளில் மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராத பெயருக்கு நேரே என்ன போடுவோம் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

"அப்பா உள்ளேன்னு சொல்லல டீச்சர்."

"அப்ப அந்தக் குவியலை என்ன பண்ணலாம்? நீயே யோசிச்சுச் சொல்லு."

ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு மூன்று மீனையும் ஒவ்வொன்றாக எடுத்து, மூன்று பேருக்கும் ஒன்று ஒன்று வைத்தாள். ஆளுக்கு நாலு என்றாள். தண்ணீரில் இருந்த உருவத்தின் கோடுகள் மெலிந்துகொண்டே வந்தன. இடுப்புக்குக் கீழே முதலில் போயிற்று. தூக்கிய கை கடைசியில் போயிற்று. நான் சபாஷ் என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன், ஆனாலும் நான்தான் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ் ஏறுவதற்கு முன் கரைக்குப் போனேன். போயிருக்கத் தேவையில்லை. பிள்ளைக்குத் திருத்தம் நின்றிருக்கிறதா என்று பார்க்கும் புத்தி. படகு வந்தது, கறிமீனைக் கொட்டினார்கள். அன்றைக்கு லீவு என்பதால் சாருமதியும் அம்மாவோடு வந்து குவியல்களின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தருமலிங்கம் ஆறாவது குவியலுக்கு மீனை அள்ளினார். தையல்நாயகியை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் கேட்பதற்குள் சாருமதி விரல் விட்டு எண்ணிவிட்டாள். "ஆள் நாலு, படகு ஒண்ணு. அஞ்சு போதும் பெரியப்பா" என்றாள்.

 தருமலிங்கத்தின் கையில் மீன் அப்படியே இருந்தது. பக்கத்துப் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து வர வேண்டிய வார்த்தை, கரையில், படகுக்காரர் முன்னால் வந்துவிட்டது. பிள்ளையும் வீடுதானே. தருமலிங்கம் மெதுவாக அந்த மீனை மற்ற குவியல்களில் போட்டார். போட்டுவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். மற்ற மூன்று பேரும் அவிழ்த்தார்கள்.

தையல்நாயகி மகளின் முன்னால் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு வேண்டாமா என்று கேட்டாள். சாருமதி கடலைப் பார்த்தாள். நிஜமாகவே தேடுகிற பார்வை. ஞாபகப்படுத்திக்கொள்ள அவள் நெற்றியைச் சுருக்கியதை நான் பார்த்தேன்.

"அப்பா எங்கம்மா நின்னாங்க?" என்று கேட்டாள்.

தையல்நாயகி எழுந்து என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். நேற்று என்ன பாடம் எடுத்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மலைப் பிள்ளைகள், இரவல் படம், பதினாலாயிரம், அடைவுத் தேர்வு, வருகைப் பதிவு எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. 

"அத்தனை பிள்ளைங்களும் அவுங்களைப் பாத்துச்சா டீச்சர்?"

"பார்த்திருக்காங்கம்மா."

"எப்படி இருந்தாங்களாம்?"

போனில் வேங்கைக்காட்டுப் பலகைகளின் படம் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளுக்கு அதுவாவது மிஞ்சட்டும் என்று எடுத்துக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இது அவுங்க இல்லீங்க" என்றாள்.

அடுத்த படத்தைத் தள்ளினாள். அதுவும் இல்லை என்றாள். ஒவ்வொன்றாகப் பதினொன்றும் பார்த்தாள். பிறகு போனை என் பக்கம் திருப்பி, "எல்லாம் வேற வேற ஆளுங்க டீச்சர். இதுல ரெண்டு பொம்பளைங்க" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். மூன்று நாளாக என் கையில் இருந்த படங்கள்தான். குவியல்களை எத்தனை முறை எண்ணியிருப்பேன். தள்ளி நின்ற உருவத்தை ஒரு தடவைகூடப் பெரிதாக்கிப் பார்த்ததில்லை. அது எனக்குத் தப்பு விடையின் காரணம், அவ்வளவுதான். இப்போது பார்த்தேன். ஒருவருக்கு முன்பல் இல்லை. ஒருத்தி தலையில் சும்மாடு வைத்திருந்தாள். இன்னொருவருக்கு மாறுகண். எல்லாரும் நனைந்திருந்தார்கள், எல்லாரும் முகத்தோடு இருந்தார்கள். சாருமதி வரையாமல் விட்ட இடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முகத்தை வைத்திருந்தது. பூங்காவனத்தின் படத்தில் இருந்தவருக்கு அவளுடைய அதே ஏறு நெற்றி, அதே ஒட்டிய காது.

நஸ்ரினுக்குப் போன் செய்தேன். நான் பேசுவதற்குள் அவளே உற்சாகமாகச் சொன்னாள். அங்கே மலையில் அன்றைக்கு வகுப்பு உண்டு. காலையிலிருந்து பதினேழு பேரும் வகுத்தலைச் சரியாகப் போடுகிறார்களாம். பாயில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்களாம். கதவைச் சாத்தினாள், யாரும் எழுந்துபோய்த் திறக்கவில்லையாம்.

பூங்காவனத்தின் அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"மரம் வெட்டற வேலைக்குப் போனவரு மேடம். மூணு வருஷமா தகவல் இல்ல. அந்தப் பதினோரு பிள்ளைங்க வீட்லயும் அப்படித்தான். சூளைக்குப் போனவங்க, லாரியில ஏறிப் போனவங்க. ஒருத்தரும் திரும்பி வரல. ஏன் கேக்கறீங்க?"

போனை வைத்தேன். மனம் ஒத்துப்போகிற பிள்ளைக்குத்தான் போகும் என்று நவநீதன் சொன்னானே. பலகை ஒன்றும் தப்புச் செய்யவில்லை. இந்த மாநிலத்தில் வராத ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினாலாயிரம் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பங்கு வைக்கலாம் என்று ஒரு வழி காட்டியிருந்தது. நான் போய் அத்தனை பேருக்கும் வருகைப் பதிவு எடுத்துவிட்டேன்.

தையல்நாயகி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். பூங்காவனத்தின் படத்தை விரலால் தொட்டு, "இது யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டாள். மலையில் ஒரு பிள்ளையின் அப்பா என்றேன். அவரும் திரும்பி வராதவர்தான் என்றேன்.

அவள் கழுத்தில் கை வைத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் தருமலிங்கம் ஐந்து குவியலையும் அவரவர் கூடையில் வாரிப் போடும் சத்தம் கேட்டது.

"பங்கை எடுத்தாச்சுன்னு அவங்க வீட்ல சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"போய்ச் சொல்லுங்க" என்றாள். காலிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.